படக்கதைக்குள் வராத வகுப்பறை

தமிழ்ச் சிறுவர் இலக்கியத்தின் வளத்தைப் பேசும்போது நாம் பெருமிதம் கொள்வதற்குக் காரணங்கள் பல உண்டு. நாகர்கோவிலிலிருந்து 1840இல் வெளிவந்த 'பாலதீபிகை' தொடங்கி, 1950இல் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் தோன்றிய குழந்தை எழுத்தாளர் சங்கம் வரை அதன் வரலாறு நெடியது. ஆயினும் அவ்வரலாற்றின் நடுவே ஓர் இடைவெளி இருப்பதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைக்குப் பாட்டும் படமும் கதையும் இருக்கின்றன. பத்தாம் வகுப்பைக் கடந்தவன் பெரியவர்களின் நாவலுக்குள் தானே நுழைந்துவிடுகிறான். இவ்விரண்டுக்கும் இடையில், ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் நடுநிலைப் பள்ளி மாணவனுக்கும் மாணவிக்கும், அவர்களுடைய அன்றாடப் பள்ளி வாழ்வையே பொருளாகக் கொண்டு, எழுத்தும் ஓவியமும் சரிபாதியாய் நின்று கதை சொல்லும் நாவல் தமிழில் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் விரல்கள் மிஞ்சிவிடும். அந்த இடைவெளி எவ்வாறு நேர்ந்தது, அதை நிரப்பும் கடமையில் சேலம், நாமக்கல் சமவெளிக்கு என்ன பங்கு உண்டு என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

படநாவல் என்று இங்குக் குறிப்பிடுவது, அத்தியாயத்துக்கு ஒரு படம் அலங்காரமாக வைத்த கதைநூலை அன்று. சொல் சொல்லாததைப் படம் சொல்ல வேண்டும். படம் காட்டாததைச் சொல் உணர்த்த வேண்டும். இந்த வடிவத்தின் முன்னோடியாகக் கருதப்படுபவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது நம் பொருளுக்கு மிகவும் ஏற்ற செய்தியாகும். ஜெனீவா நகரில் விடுதியுடன் கூடிய பள்ளியொன்றை நடத்திவந்த ரொடால்ஃப் டோப்ஃபர், 1820களின் இறுதியில் தம் மாணவர் மகிழ்வதற்காகப் படங்களும் அவற்றின்கீழ்ச் சில வரிகளுமாகக் கதைகளை வரைந்தார். கையெழுத்துப் படிகளாகச் சுற்றிய அக்கதைகள் முதுமையிலிருந்த கவிஞர் கதேயின் பார்வைக்குச் சென்று பாராட்டும் பெற்றன. 1833இல்தான் அவற்றுள் ஒன்று அச்சேறியது. ஆக, இவ்வடிவம் பிறந்த இடம் வகுப்பறை. முதல் வாசகர் மாணவர். முதலில் பாராட்டிய பெரியோருள் ஒருவர் கவிஞர்.

எழுத்தும் தூரிகையும் ஒரே கையில்

நம் மண்ணுக்கு வருவோம். எழுத்தும் ஓவியமும் ஒரே கையில் கூடிய ஒருவரை இச்சமவெளி தமிழுக்குத் தந்திருக்கிறது. மோகனூரில் 1888இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளையைக் கவிஞராக நாடு அறியுமுன் ஓவியராகவே ஊர் அறிந்திருந்தது. உருவப்படம் எழுதுவது அவருக்குப் பொழுதுபோக்கன்று, பிழைப்பு. பின்னர் அவர் 'மலைக்கள்ளன்' என்ற நாவலையும் எழுதினார். 1944இல் வெளியான 'என் கதை'யில் தம் இளமையையும் கல்வியையும் ஓவியத் தொழிலையும் விரிவாகச் சொன்னார். கவிதை, ஓவியம், நாவல், பள்ளிப் பருவ நினைவு ஆகிய நான்கும் ஒருவரிடமே இருந்தன. ஆனால் அவை நான்கும் ஒரு நூலாக ஒன்றுகூடவில்லை. அது அவருடைய குறையன்று. அத்தகைய நூலைக் கேட்ட பதிப்பாளரும் அன்று இல்லை. வாங்கத்தக்க வாசகரும் இல்லை. அரசவைக் கவிஞராக 1949இல் அவர் அமர்ந்தபோது தூரிகை பழங்கதை ஆகிவிட்டிருந்தது.

இதே சமவெளியில் இன்னொரு தொடக்கமும் நிகழ்ந்தது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி 1925இல் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்கிருந்து 1929இல் 'விமோசனம்' என்ற மதுவிலக்கு இதழ் வெளிவந்தது. அதில் துணைநின்று உழைத்த இளைஞர் ரா. கிருஷ்ணமூர்த்தி, பின்னாளில் கல்கி. குடியின் கேட்டை உழவர்க்கும் கூலியாளர்க்கும் உணர்த்தக் கதையும் படமும் கருவிகளாயின. அவ்விதழ் நீண்ட நாள் நிலைக்கவில்லை. எனினும் ஒரு சமுதாயச் சிக்கலை எளிய வாசகர்க்குக் கதையாலும் படத்தாலும் எடுத்துரைக்கலாம் என்ற துணிவு இங்கே வெளிப்பட்டது. அந்தத் துணிவு குடித்த தந்தையைப் பற்றிப் பேசியது; அத்தந்தையின் பிள்ளை அமர்ந்திருந்த பள்ளிப் பலகையைப் பற்றிப் பேசவில்லை. அன்று அப்பிள்ளைகளுள் பெரும்பாலோர் பள்ளிக்கே வரவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

விடுமுறையில் தொடங்கும் கதைகள்

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் சிறுவர் இதழ்கள் பெருகின. 'அம்புலிமாமா' 1947இல் தோன்றியது. கலைமகள் நிறுவனத்தின் 'கண்ணன்', ஆர்வியின் ஆசிரியப் பொறுப்பில் 1950 முதல் சிறுவர் நாவலை ஊக்குவித்தது. கல்கி நிறுவனம் 1972இல் 'கோகுலம்' இதழைத் தொடங்கியது. வாண்டுமாமாவின் கதைகளுக்குச் செல்லம் முதலியோர் வரைந்த சித்திரங்களை இன்றும் நினைவுகூரும் பெரியவர்கள் நம்மிடையே உள்ளனர். கொங்கு நாட்டுக் காரத்தொழுவில் 1924இல் பிறந்த ஓவியர் சங்கர், வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்து, இந்திய மொழிகள் பலவற்றின் பிள்ளைகளுக்கும் உரிய உருவமாக்கினார். சிவகாசியிலிருந்து 1970களின் தொடக்கத்தில் வந்த முத்து காமிக்ஸ் ஆங்கில நாட்டுச் சித்திரக்கதைகளைத் தமிழாக்கி, 'இரும்புக்கை மாயாவி'யைச் சேலத்துக் கடைத்தெருவுக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

இவற்றால் தமிழ்ப் பிள்ளை அடைந்த இன்பத்தைக் குறைத்து மதிப்பிடுவது நன்றி மறந்த செயலாகும். ஆயினும் கூர்ந்து நோக்கின், இக்கதைகளில் அரசனும் வேதாளமும் துப்பறிவாளரும் இருந்த அளவுக்கு ஆசிரியரும் கரும்பலகையும் இல்லை. மாணவர்களே தலைவர்களாக வந்த சாகச நாவல்களிலும் பெரும்பாலும் விடுமுறை விட்ட பின்னரே கதை தொடங்கும். மாமா வீட்டுக்குச் செல்வார்கள், குகை ஒன்று தென்படும், கள்வர் சிக்குவர், பள்ளி திறக்குமுன் கதை முடிந்துவிடும். பிள்ளையின் ஆண்டில் பத்து மாதங்கள் கதைக்கு வெளியே நின்றன.

இதற்குக் காரணங்கள் மூன்று எனத் தோன்றுகிறது. முதலாவது, சிறுவர் நூலை வாங்குபவர் சிறுவர் அல்லர் என்பது. பெற்றோரும் பள்ளியும் நூலகமுமே வாங்குகின்றனர். பள்ளியைக் குறை காணும் நூலைப் பள்ளி வாங்குமோ என்ற தயக்கம் பதிப்பாளரிடம் இருந்தது. ஆகவே கதையில் வந்த ஆசிரியர் எப்போதும் நல்லவராகவும், மாணவர் இறுதியில் திருந்துபவராகவும் அமைந்தனர். இரண்டாவது, எழுத்தாளரும் ஓவியரும் ஒன்றாக அமர்ந்து உழைக்காமை. வார, மாத இதழ்களில் எழுதியவர் பிரதி கொடுப்பார். ஓவியர் அதைப் படித்து ஒரு காட்சியைத் தேர்ந்து வரைவார். தொடர் முடிந்து நூலாகும்போது அப்படங்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பக்கக் கணக்கில் விலை பெறும் நூலகக் கொள்முதலில் ஓவியத்துக்குத் தனி மதிப்பு கிட்டுவது அரிது. மூன்றாவது காரணம் சொல்லத் தயங்குவது: நம் வகுப்பறையை உள்ளபடி வரைந்தால் சாதியையும் வரைந்தாக வேண்டும். எங்கே யார் அமர்கிறார், யார் கூட்டுகிறார், யாருடைய தட்டு தனியே இருக்கிறது என்பவற்றை எழுத்து மழுப்பிவிடலாம். ஓவியம் மழுப்ப முடியாது.

முதல் பாரத்து மாணவன்

தமிழ்நாட்டு நடுநிலை மாணவனைத் தலைவனாகக் கொண்டு உலகப் புகழ்பெற்ற நாவல் ஒன்று இருக்கவே செய்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆர்.கே. நாராயண் 1935இல் லண்டனில் வெளியிட்ட 'சுவாமியும் நண்பர்களும்' நாவலின் சுவாமிநாதன் முதல் பாரத்தில், அதாவது இன்றைய ஆறாம் வகுப்பில், படிப்பவன். பிரம்படி, கணக்குப் பாடம், மட்டைப்பந்து, மறியல், நண்பனைப் பிரிதல் ஆகிய அனைத்தும் அதில் பள்ளியைச் சுற்றியே நிகழ்கின்றன. பின்னர் மால்குடிக் கதைகளுக்கு அவர் தம்பி ஆர்.கே. லட்சுமண் வரைந்த கோட்டோவியங்கள் அவ்வூருக்கு ஒரு முகத்தைத் தந்தன. 1980களில் தொலைக்காட்சித் தொடராக வந்தபோதும் அக்கோடுகள் கூடவே வந்தன. அண்ணன் எழுதத் தம்பி வரைந்த இந்தக் கூட்டுறவே நம்மவர் படநாவலுக்கு மிக அருகில் சென்ற இடம் எனலாம். ஆயினும் சுவாமிநாதன் வழக்கறிஞர் மகன். அவன் வாழ்வது நகரத்து நடுத்தரக் குடும்பம். திருச்செங்கோட்டுப் புழுதியிலிருந்து நடந்துவரும் பிள்ளை தன்னை அவனிடத்தில் காண்பது எளிதன்று.

அந்தப் புழுதியை எழுதியவர் பெருமாள்முருகன். திருச்செங்கோட்டுப் பகுதியில் 1966இல் பிறந்து நாமக்கல்லிலும் ஆத்தூரிலும் அரசு கலைக் கல்லூரிகளில் பணிபுரிந்த அவருடைய தொடக்க கால நாவல்களில் இளையோர் திரும்பத் திரும்ப வருகின்றனர். 'ஏறுவெயில்' (1991) குடியிருப்புத் திட்டத்துக்காக நிலம் இழந்த குடும்பத்தின் கதை. 'நிழல்முற்றம்' (1993) திரையரங்கில் வேலை செய்யும் பையன்களின் உலகம். 'கூளமாதாரி' (2000) பண்ணையத்துக்கு ஆள்விடப்பட்ட, ஆடு மேய்க்கும் சிறுவர்களின் வாழ்வு. நம் பகுதியின் குழந்தைப் பருவம் இத்தனை உண்மையாக வேறெங்கும் பதிவாகவில்லை. ஆனால் இரண்டு செய்திகளை நோக்க வேண்டும். திரையரங்குப் பையன்களும் ஆடு மேய்ப்பவர்களும் பள்ளிக்கு வெளியே நிற்பவர்கள். மேலும் அந்நாவல்கள் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. கூளையனின் வயதுடைய ஒரு வாசகன் கூளையனைச் சந்திக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

பள்ளிக்குள் நிகழ்ந்தவற்றை அறிய நாம் செல்ல வேண்டிய நூல் வேறொன்று. நாமக்கல்லில் 'கூடு' ஆய்வுச் சந்திப்பு என்ற பெயரில் பெருமாள்முருகனைச் சூழ்ந்து கூடிய மாணவர்களும் நண்பர்களும் தங்கள் சாதி அனுபவங்களை எழுதினர். அவர் பதிப்பித்த 'சாதியும் நானும்' தொகுப்பு 2013இல் வெளியாயிற்று. இளமையில் பட்டதைப் பெரியவரான பின்னரே எழுத வாய்த்தது என்பதே அந்நூலின் துயரம். பன்னிரண்டு வயதில் நேர்ந்த அவமானத்தைப் பன்னிரண்டு வயதிலேயே பேசுவதற்கு ஒரு கதை கையில் இருந்திருந்தால் என்ற ஏக்கம் அதைப் படிப்பவர்க்கு எழாமல் போகாது.

மாறிய பள்ளி, மாறாத கதை

இதற்கிடையில் நம் பள்ளி முற்றிலும் மாறிவிட்டது. 1950களில் காமராசர் காலத்து மதிய உணவும், 1982இல் விரிவுபெற்ற சத்துணவுத் திட்டமும் உழவர், கூலியாளர் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தன. நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதே காலகட்டத்தில் நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் விடுதியுடன் கூடிய தனியார் பள்ளிகள் பெருகி, மதிப்பெண்ணுக்குப் பேர்போன பகுதியாக இச்சமவெளி மாநிலம் முழுவதும் அறியப்பட்டது. மாநில அளவிலான தரவரிசையை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இல் கைவிட்ட பின்னரும் அந்தப் பெயர் மறையவில்லை. தந்தை ஆழ்துளைக் கிணற்று லாரியுடன் பல மாதம் வெளிமாநிலம் சென்றிருக்க, தாய் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்க, பள்ளிபாளையத்து விசைத்தறி ஓசையில் உறங்கிப் பழகிய பிள்ளை, ஓசையே இல்லாத விடுதி அறையில் உறக்கம் வராமல் கிடக்கிறது. இது ஒரு நாவலின் முதல் பக்கம். அதை எழுதியவரும் வரைந்தவரும் யார்?

அயல்நாட்டில் இதே வயதினருக்காக நிகழ்ந்ததை நோக்குவோம். ஜப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயாநாகி 1981இல் தம் தொடக்கப் பள்ளியைப் பற்றி எழுதிய 'டோட்டோ-சான்' நூலை நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் வெளியிட்டது. அதிலுள்ள சித்திரங்களை வரைந்த சிஹிரோ இவாசாகி 1974இலேயே மறைந்துவிட்டவர். மறைந்தவரின் ஓவியங்களைத் தேடி எடுத்துப் பொருத்தும் அளவுக்கு எழுதியவர் படத்தை மதித்தார். அமெரிக்காவில் ஜெஃப் கின்னி 2007இல் வெளியிட்ட நடுநிலை மாணவனின் படநாட்குறிப்பு, கோடுபோட்ட ஏட்டில் பையன் தானே எழுதி வரைந்தது போன்ற தோற்றம் கொண்டது. ஜெர்ரி கிராஃப்ட் 2019இல் எழுதி வரைந்த 'நியூ கிட்' வசதி மிக்கோர் படிக்கும் தனியார் பள்ளியில் சேர்ந்த கறுப்பின மாணவனின் ஏழாம் வகுப்பைச் சொல்கிறது. 2020இல் அது நியூபெரி பதக்கத்தைப் பெற்றது. அப்பதக்கம் பெற்ற முதல் படநாவல் அதுவே. பெயரைத் தவறாக அழைக்கும் ஆசிரியர், தன் வீட்டை நண்பனுக்குக் காட்டத் தயங்கும் மாணவன் ஆகிய அந்நூலின் செய்திகள் நம் விடுதிப் பள்ளியில் சேர்ந்த சிற்றூர்ப் பிள்ளைக்கு அயலானவை அல்ல.

தமிழிலும் அசைவு தென்படுகிறது. இரா. நடராசனின் 'ஆயிஷா' பள்ளி மாணவி ஒருத்தியின் கேள்விகளையும் முடிவையும் சொல்லி ஆசிரியர் உலகை உலுக்கிற்று. ஆயினும் அதில் கதை சொல்பவர் ஆசிரியையே. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள் மீதான பாலியல் துன்புறுத்தலைக் குழந்தைகளிடமே பேசத் துணிந்து 2020இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்காரம் பெற்றது. விஷ்ணுபுரம் சரவணன் 'ஒற்றைச் சிறகு ஓவியா' நாவலுக்காக 2025இல் அவ்விருதைப் பெற்றார். அவருடைய 'கயிறு' என்ற சிறுநூல் மாணவர் கையில் கட்டும் சாதி அடையாளக் கயிற்றையே பொருளாகக் கொண்டது. நாங்குநேரியில் 2023இல் உடன் படித்த மாணவர்களே ஒரு மாணவனை வெட்டிய கொடுமைக்குப் பின் அமைந்த நீதியரசர் கே. சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் அத்தகைய கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. பரிந்துரை கயிற்றை அவிழ்க்கலாம். அதைக் கட்டிக்கொள்ளத் தூண்டிய மனத்தையும், அதைக் கண்டு அஞ்சிய மனத்தையும் கதையே தொட முடியும். அரசின் 'தேன்சிட்டு' இதழும் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் படநூல்களும் வாசகரை ஆயத்தம் செய்துவருகின்றன. முழுநீளப் படநாவல்தான் இன்னும் வர வேண்டும்.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

படம் வாசிப்பைக் கெடுக்கும் என்ற கருத்து நம்மில் சிலர்க்கு உண்டு. சொல்லின்பத்தில் தோய்ந்தவர்க்கு அவ்வச்சம் இயல்பே. ஆனால் படநாவல் சொல்லைக் குறைப்பது சொல்லை இகழ்ந்தன்று. மாணவி தலைகுனிந்து நிற்பதை ஓவியம் காட்டிவிட்டால், "அவள் வருந்தினாள்" என்று எழுதுவது வீண். அங்கே வேண்டுவது ஒரே ஒரு வரி. அதுவும் எதிர்பாராத வரி. எதை விடுவது என்று அறிந்தவரே அந்த வரியை எழுத முடியும். அந்தப் பயிற்சி கவிஞர்க்கே மிகுதியாக உண்டு. ஆகவேதான் சிறுவர் எழுத்தாளர் மாநாட்டில் வைக்க வேண்டிய இவ்வேண்டுகோளைக் கவிஞர் கூடிய இவ்வட்டத்தின் மலரில் வைக்கிறேன்.

செய்ய வேண்டியவை சிலவே. எழுதுபவரும் வரைபவரும் முதல் நாளிலிருந்தே ஒன்றாக அமர வேண்டும். நூலின் முகப்பில் இருவர் பெயரும் ஒரே அளவில் இடம்பெற வேண்டும். உரையாடல் நம் வட்டாரப் பேச்சில் அமைய வேண்டும். "ஏனுங்க சார்" என்று கேட்கும் பிள்ளையை "ஏன் ஐயா" என்று கேட்க வைத்தால் வாசகன் முதல் பக்கத்திலேயே நம்மைக் கைவிடுவான். ஜவ்வரிசி காயும் களம், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை, நாமக்கல் பாறைக் கோட்டை ஆகியவற்றை ஓவியர் நேரில் கண்டு வரைய வேண்டும். ஒடுக்கப்பட்ட பிள்ளையை இரக்கத்துக்குரிய பொருளாக்கிவிடக் கூடாது. அப்பிள்ளைக்கும் குறும்பும் பொய்யும் வெற்றியும் உரியவை. ஆசிரியரைக் கொடியவராகவோ தெய்வமாகவோ வரைவதும் வேண்டா. சம்பளத்துக்கும் தேர்ச்சி விழுக்காட்டுக்கும் நடுவே நிற்கும் மனிதராக வரைவோம். அச்சுக்குச் செல்லுமுன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் கையெழுத்துப் படியைப் படித்து, சலித்த இடத்தைச் சுட்டட்டும். டோப்ஃபரின் முதல் திறனாய்வாளர்களும் மாணவர்களே.

பத்தாண்டுகள் நிறைந்த ஓர் இலக்கிய வட்டம் தன் கவியரங்கங்களையும் வெளியீடுகளையும் எண்ணி மகிழ்வது முறை. நம் வட்டம் தொடங்கிய ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இன்று நடுநிலைப் பள்ளியைக் கடந்து உயர்நிலைக்குப் போய்விட்டது. அதன் மூன்று ஆண்டுகள் கதையில்லாமலே கழிந்தன. அடுத்த பத்தாண்டில் அவ்வாறு கழிய விடலாகாது. இராமலிங்கம் பிள்ளையிடம் தனித்தனியே இருந்த கவிதையும் தூரிகையும் நாவலும் பள்ளி நினைவும் ஒரு நூலில் ஒன்றுகூடட்டும். ஒரு கவிஞரும் ஓர் ஓவியரும் இவ்வாண்டில் தொடங்கினால் போதும்.